காபன் தாளில் ஒரு சமூகம்: கிரிமியத் தாத்தார்களும் ஸமிஸ்தாத்தும்

1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் நாங்கள் ஒதுங்கியிருந்த நாட்களில், என்ட வாப்பா ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினார். கையில் காசு இல்லாத காலம். பால்மாவுக்கு வைத்திருந்த காசில் கொப்பி வாங்கியதற்காக உம்மா ஏசினா. வாப்பா ஒன்றும் பேசவில்லை. அஸர் தொழுததும் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முகாம் முகாமாகப் போவார். எந்த ஒழுங்கை, எத்தனையாம் வீடு, குடும்பத் தலைவர் யார், எத்தனை பிள்ளைகள், விட்டுவந்த சாமான் என்னென்ன என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். தையல் மெசின் ஒன்று, றலி சைக்கிள் ஒன்று, ஆடு மூன்று என்று கணக்கு நீளும். “இப்ப எழுதாட்டி, பத்து வருஷத்தில நாங்க அங்க இருந்தமா எண்டே கேப்பாங்கள்” என்பார்.

நான்கைந்து வருஷத்துக்குப் பிறகு, ஆய்வு செய்கிறோம் என்று சொல்லி வந்த ஓர் அமைப்பினர், “ரெண்டு கிழமையில தாறம்” என்று அந்தக் கொப்பியை வாங்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை. கேட்டுப் போனபோது அப்படி ஒன்று தங்களிடம் இல்லை என்றார்கள். வாப்பா மௌத்தாகும் மட்டும் அந்தக் கவலை அவருக்கு இருந்தது. கொப்பிக்குப் பிரதி இருக்கவில்லை. போட்டோ பிரதி எடுக்கக் கடை இல்லாமலா? இருந்தது. அது யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட இன்னொரு முஸ்லிம் சமூகம், அச்சகம் எதுவும் தன் கையில் இல்லாத நிலையில், தன்னைப் பற்றிய விபரங்களைப் பல பிரதிகளாக்கிக் காப்பாற்றிய வரலாற்றைப் பல வருஷங்களுக்குப் பின்னரே வாசித்தேன். வாசிக்க வாசிக்க அந்தக் கொப்பியின் நினைவுதான் வந்தது. கிரிமியத் தாத்தார்களின் அந்தக் கதையை இச்சஞ்சிகையின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டுமென்பது நீண்ட நாள் எண்ணம்.

கருங்கடலின் வடகரையில் உள்ள கிரிமியத் தீபகற்பத்தின் துருக்கிய மொழி பேசும் முஸ்லிம்கள் இவர்கள். பக்சிசராய் அவர்களுடைய கான்களின் பழைய தலைநகர். அந்த ஊரிலிருந்துதான் இஸ்மாயில் கஸ்பிரளி 1883இல் ‘தெர்ஜுமான்’ பத்திரிகையை ஆரம்பித்தார். அறிஞர் சித்தி லெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியது 1882இல். ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்களா என்ற கேள்வியை ஆய்வாளர்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பதற்றம் இருந்தது. உலகம் மாறுகிறது, பள்ளிக்கூடமும் பத்திரிகையும் இல்லாவிட்டால் எங்கட சமூகம் பின்தங்கிவிடும் என்ற பதற்றம். தெர்ஜுமான் அரபு எழுத்தில் வந்தது, கூடவே ரஷ்ய மொழியிலும் வந்தது. சோவியத் ஆட்சியில் 1920களின் இறுதியில் அந்த மொழி லத்தீன் எழுத்துக்கு மாற்றப்பட்டது. பத்து வருஷம் கழித்து ரஷ்ய எழுத்துக்கு. ஆகவே பாட்டனார் வாசித்த பத்திரிகையைப் பேரன் எழுத்துக்கூட்டக் கூடத் தெரியாதவனாக வளர்ந்தான். அரபுத்தமிழ்க் கிதாபுகளை அலுமாரியில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தெரியாமல் இருக்கிற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1944 மே 11இல் ஸ்டாலின் தலைமையிலான அரச பாதுகாப்புக் குழு ஒரு கட்டளை பிறப்பித்தது. ஜெர்மனியருக்கு உடந்தையாக இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டில் கிரிமியத் தாத்தார் சமூகம் முழுவதும் வெளியேற்றப்பட வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். மே 18 விடியற்காலையில் படையினர் வீட்டுக் கதவுகளைத் தட்டினார்கள். மூட்டை கட்டப் பதினைந்து நிமிஷம் கூடக் கிடைக்கவில்லை என்று சொன்னவர்கள் பலர். மூன்றே நாட்களில் 180,000க்கும் மேற்பட்டோர் சரக்கு ரயில்களில் அடைக்கப்பட்டு, பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்கும், ஒரு பகுதியினர் யூரல் பிரதேசத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஆண்களில் பலர் அந்த நேரத்தில் செஞ்சேனையில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் பிறகு அனுப்பப்பட்டார்கள்.

ஆட்களை அகற்றியதோடு விஷயம் முடியவில்லை. கிரிமியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. பின்னாளில் இந்தச் சமூகத்தின் தலைவராக வந்த முஸ்தஃபா ஜெமிலெவ் 1943இல் பிறந்த அய்-ஸெரெஸ் என்ற கிராமம் ரஷ்யப் பெயரொன்றைப் பெற்றது. சனத்தொகைக் கணக்கெடுப்பில் ‘கிரிமியத் தாத்தார்’ என்ற இனமே தனியாகக் காட்டப்படவில்லை. பொதுவாகத் ‘தாத்தார்’ என்று வேறு மக்களோடு சேர்த்துவிட்டார்கள். 1956 வரை அவர்கள் ‘விசேட குடியேற்றவாசிகள்’. குறித்த நாட்களில் காவல் அலுவலகத்தில் ஒப்பமிட வேண்டும், அனுமதியின்றி ஊரைத் தாண்டினால் கடூழியச் சிறை. 1956இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியபோதும் ஊர் திரும்பும் உரிமையும் சொத்தைக் கேட்கும் உரிமையும் இல்லையென்று சேர்த்தே எழுதினார்கள். 1957இலிருந்து தாஷ்கண்டில் ‘லெனின் கொடி’ என்ற பெயரில் அவர்களுடைய மொழியில் ஓர் அரச பத்திரிகை வந்ததுதான். பருத்தி விளைச்சலைப் பற்றி எழுதலாம். வீடு திரும்புவது பற்றிப் பேசக்கூடாது.

இந்த இடத்தில்தான் ஸமிஸ்தாத் வருகிறது. ரஷ்ய மொழியில் ‘ஸாம்’ என்றால் தான், ‘இஸ்தாத்’ என்பது பதிப்பகம் என்பதன் சுருக்கம். அரச பதிப்பகத்துக்கு ‘கொஸிஸ்தாத்’ என்று பெயர் இருந்ததால், அதைக் கேலி செய்து ‘தன்பதிப்பகம்’ என்று வைத்த பெயர். நிக்கொலாய் கிளஸ்கொவ் என்ற கவிஞர் 1940களில் தான் தட்டச்சு செய்த சிறு தொகுப்புகளின் அட்டையில் இதைப் போன்ற ஒரு சொல்லைப் போட்டதிலிருந்து வந்தது என்பார்கள்.

எங்கட நாட்டு ரோணியோச் சஞ்சிகைகளோடு இதை ஒப்பிடத் தோன்றும். நானும் பள்ளிக்கூடக் காலத்தில் ஸ்டென்சில் வெட்டி, ரோணியோ மெசினைச் சுற்றி, கைமுழுக்க மையோடு வீட்டுக்கு வந்தவன்தான். ஆனால் அங்கே ரோணியோவும் கிடையாது. பிரதி எடுக்கும் எந்த இயந்திரமும் அரச அலுவலகங்களில் பூட்டுப் போட்ட அறைக்குள் இருந்தது. தனியாள் வைத்திருக்கக்கூடியது தட்டச்சுப்பொறி மட்டும். மெல்லிய தாள்களை அடுக்கி, இடையிடையே காபன் தாள் வைத்து, உருளையில் சுற்றி, விரல் நோகக் குத்தியடித்தால் நான்கைந்து பிரதி வரும். தாள் இன்னும் மெல்லிசாக இருந்தால் கொஞ்சம் கூட வரும். கடைசிப் பிரதி புகை மாதிரி இருக்கும். அதை வாங்குபவர் ஜன்னலோரம் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியில் செய்த ‘எரிக்கா’ தட்டச்சுப்பொறி இந்த வேலைக்குப் பேர்போனது. அலெக்சாந்தர் கலிச் அதைத் தன் பாட்டொன்றில் வைத்துப் பாடியதால் அந்த மெசினுக்கே ஒரு புகழ் வந்தது. ஒரு பிரதி கையில் கிடைத்தால் ஒரு இரவு அவகாசம். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது தானும் ஐந்து பிரதி அடித்துக் கொடுக்க வேண்டும். இப்படி ஐந்து இருபத்தைந்தாகி, இருபத்தைந்து நூற்றிருபத்தைந்தாகும்.

அதே காலத்தில் நான் மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களை ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டிருந்தேன். நல்ல தாள், நல்ல கட்டு, பெட்டிக்கடையில் ஒரு பிளேன்ரீயும் பணிசும் வாங்கும் காசு. தமிழில் எனக்கு அவ்வளவு அழகாக அச்சடித்து அனுப்பிய நாட்டில், அந்த நாட்டு மக்களே காபன் தாளில் புகையை வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அந்தப் புத்தகங்கள் மேல் இன்றும் எனக்குப் பிரியம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

கிரிமியத் தாத்தார்கள் மொஸ்கோவின் எழுத்தாளர்களிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டார்கள் என்று நினைத்தால் தவறு. நாவலும் கவிதையும் கைமாறிக்கொண்டிருந்த காலத்திலேயே இவர்கள் வேறொரு வகை எழுத்தை உருவாக்கிவிட்டார்கள். உஸ்பெகிஸ்தானின் ஊர்களிலும் தொழிற்சாலைகளிலும் ‘முன்முயற்சிக் குழுக்கள்’ அமைந்தன. ஒவ்வொரு குழுவும் பேச்சாளரைத் தெரிந்து, கையொப்பங்களோடு அதிகாரக் கடிதம் கொடுத்து, செலவுக்குச் சல்லி திரட்டி மொஸ்கோவுக்கு அனுப்பும். 1960களின் நடுப்பகுதியிலிருந்து மொஸ்கோவில் இப்படியான பிரதிநிதிகள் மாறி மாறி நிரந்தரமாகவே இருந்தார்கள். யாரைச் சந்தித்தோம், எந்த அலுவலகத்தில் என்ன சொன்னார்கள், யாரைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள் என்பதை ‘தகவல்’ என்ற தலைப்பில் இலக்கமிட்டுத் தட்டச்சு செய்து ஊர்களுக்கு அனுப்புவார்கள். எங்கட பள்ளிவாசல் நிர்வாகம் ஜமாஅத்துக்குக் கணக்குக் காட்டுவது போலத்தான். சல்லி தந்தவர்களுக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து பிறந்த பத்திரிகை அது. 1966இல் கட்சியின் 23ஆவது மாநாட்டுக்கு அனுப்பிய மனுவில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டிருந்தார்கள். ஒளிந்துகொண்டு அல்ல, சொந்தப் பெயரில். இதைத் ‘தலைமறைவுப் பத்திரிகை’ என்ற சொல்லால் அழைப்பது பாதிதான் சரி. எழுதியவர்கள் மறையவில்லை. மறைய வேண்டியிருந்தது தாள் மட்டும்தான்.

அவர்கள் செய்த இன்னொரு வேலையை வாசித்தபோதுதான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். 1960களில் இயக்கத்தினர் வீடு வீடாகப் போய்த் தாங்களே ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். 1944இல் உங்கள் வீட்டில் எத்தனை பேர், முதல் ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டு எழுதினார்கள். அந்தக் கணக்கின்படி வெளியேற்றத்திலும் அதை அடுத்து வந்த ஆண்டுகளிலும் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள் 46 சதவீதம். சோவியத் அரச ஆவணங்கள் இதைவிடக் குறைந்த எண்ணிக்கையைத் தருகின்றன. வரலாற்றாசிரியர்கள் இன்னும் இது பற்றி வாதிடுகிறார்கள். எந்தக் குடும்பமும் முழுதாக அழிந்துபோயிருந்தால் சொல்ல ஆளில்லை, இடம் மாறியோர் இரண்டு தரம் எண்ணப்பட்டிருக்கலாம். அந்தத் தொகை பிழையாகவே இருக்கட்டும். அரசு எண்ண மறுத்த மக்களைப் பென்சிலும் தாளுமாகப் போய் எண்ணினார்கள், அந்த எண்ணிக்கையைப் பிரதியெடுத்துப் பரப்பினார்கள். அதனால்தான் இன்று அதைப் பற்றி வாதிடவாவது முடிகிறது.

1968இல் மொஸ்கோவில் வேறொரு தாள் தொடங்கியது. கவிஞர் நதால்யா கொர்பனேவ்ஸ்கயா, அப்போது கைக்குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தவர், ஏப்ரல் 30 திகதியிட்டு ஓர் இதழைத் தட்டச்சு செய்தார். ‘நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு’ என்பது அதன் பெயர். அந்த ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேச மனித உரிமை ஆண்டு. கருத்துச் சுதந்திரம் பற்றிய உலகப் பிரகடனத்தின் 19ஆம் உறுப்புரையை அவர் முகப்பில் இட்டார். ஆசிரிய தலையங்கம் இல்லை. கண்டனம் இல்லை. ஆச்சரியக்குறி இல்லை. யார் கைது, எந்தத் திகதி, எந்தச் சட்டப்பிரிவு, எந்த நீதிமன்றம், எத்தனை வருஷம், இப்போது எந்த முகாம். இவ்வளவுதான். ஓகஸ்ட் 25இல், செக்கோஸ்லோவாக்கியா மீதான படையெடுப்பை எதிர்த்து விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் செஞ்சதுக்கத்தில் உட்கார்ந்தபோது, தள்ளுவண்டியில் குழந்தையோடு அவரும் உட்கார்ந்தார். 1969 டிசெம்பரில் கைதாகி மனநோய் வைத்தியசாலையில் அடைக்கப்பட்டார். குறிப்பேடு நிற்கவில்லை. வேறு கைகள் எடுத்துக்கொண்டன.

இந்த வறட்டு நடை ஏன் என்பதற்கு ஒரு சட்டக் காரணமும் இருந்தது. 1966இல் சேர்க்கப்பட்ட ஒரு குற்றவியல் பிரிவு, சோவியத் அமைப்பை அவதூறு செய்யும் ‘தெரிந்தே சொல்லும் பொய்’களைப் பரப்பினால் மூன்று வருஷம் என்றது. அப்படியானால் பொய் சொல்லாமல் இருப்பதே தற்காப்பு. ஓர் இதழில் பெயரோ திகதியோ பிழைத்தால் அடுத்த இதழில் ‘திருத்தங்கள்’ பகுதியில் அதைச் சொன்னார்கள். கட்சி நாளேடான ‘ப்ராவ்தா’ என்பதன் பொருள் உண்மை. அதில் திருத்தம் வந்ததை நான் கேள்விப்பட்டதில்லை. உயிரைப் பணயம் வைத்து அடித்த தாளில், இன்ன பக்கத்தில் இன்னாரின் தகப்பன் பெயர் பிழை என்று போட இடம் ஒதுக்கினார்கள்.

செய்தி வந்து சேர்ந்த வழியும் சுவையானது. ஆசிரியர் யாரென்று வாசகருக்குத் தெரியாது. ஐந்தாம் இதழில் வழி சொல்லிக் கொடுத்தார்கள். உங்களுக்கு இந்தப் பிரதியைத் தந்தவரிடம் செய்தியைச் சொல்லுங்கள், அவர் தனக்குத் தந்தவரிடம் சொல்வார், அப்படியே மேலே போகும், ஆனால் நீங்களாகச் சங்கிலியின் மறுமுனையைத் தேடிப் போகாதீர்கள், உளவாளி என்று நினைத்துவிடுவார்கள் என்பது அதன் சாரம். ஹதீஸ் கலையில் ஸனத் என்று படித்த நமக்கு இது புதிதல்ல. யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற தொடர் அறுந்தால் செய்தியின் பெறுமதியும் போய்விடும். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அறிவிப்பாளரின் பெயரைச் சொல்வது சிறப்பு. இங்கே அவருடைய பெயரைச் சொல்லாமல் இருப்பதுதான் அமானிதம்.

மொஸ்கோத் தாளும் தாத்தார்களின் தாளும் எங்கே சந்தித்தன? அலெக்ஸேய் கொஸ்தெரின் என்ற முதிய எழுத்தாளர் ஸ்டாலின் காலத்து முகாமில் பல வருஷம் இருந்தவர். நாடு கடத்தப்பட்ட சிறு சமூகங்களுக்காகத் தொடர்ந்து எழுதியவர். 1968 மார்ச்சில் அவருடைய 72ஆவது பிறந்த நாளைத் தாத்தார் பிரதிநிதிகள் மொஸ்கோவில் கொண்டாடினார்கள். அங்கே அவருடைய நண்பர், ஜெனரல் பியோத்தர் கிரிகொரெங்கோ பேசினார். உங்களிடமிருந்து பறித்ததைக் கெஞ்சிக் கேளாதீர்கள், உரிமையாகக் கேளுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அந்தப் பேச்சும் காபன் தாளில் ஏறி உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. அடுத்த மாதம், ஏப்ரல் 21இல், தாஷ்கண்டுக்குப் பக்கத்தில் உள்ள சிர்ச்சிக் நகரில் கூடிய தாத்தார்கள் மீது பொலிஸார் தண்ணீர் பாய்ச்சிக் கலைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அரச பத்திரிகைகள் இத்தகைய சம்பவங்களைக் கண்டுகொள்வதே இல்லை. அதிலிருந்து குறிப்பேட்டில் தாத்தார்களின் செய்தி வழமையாகியது. 1969 மேயில் தாத்தார் வழக்கொன்றுக்காகத் தாஷ்கண்ட் போன கிரிகொரெங்கோ அங்கேயே கைதானார். 1974 வரை மனநோய் வைத்தியசாலை. 1970 ஜனவரியில் அதே நகரில் ஜெமிலெவும், மொஸ்கோ ஆசிரியரும் கவிஞருமான இல்யா கபாயும் ஒரே கூண்டில் நிறுத்தப்பட்டு மும்மூன்று வருஷம் பெற்றார்கள். கபாய் ஒரு யூதர். தாத்தார்களின் ஆவணங்களைத் தயாரிக்க உதவியதே அவருடைய முக்கிய குற்றம். விடுதலையான பிறகு வந்த நெருக்குதல்களைத் தாங்கமுடியாமல் 1973இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எங்கட சமூகத்தில் யூதர் என்றால் ஒரே மூச்சில் பேசி முடிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1972இல் கே.ஜி.பி. குறிப்பேட்டை நசுக்க முடிவெடுத்தது. பியோத்தர் யாகிர், விக்தர் கிராஸின் என்ற இரண்டு முக்கியஸ்தர்கள் கைதாகி, விசாரணையில் உடைந்து, அடுத்த ஆண்டு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். அதைவிடக் கொடுமையான ஒரு தந்திரம் வெளியே இருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது. இனி ஓர் இதழ் வந்தால் ஆட்கள் கைதாவார்கள், கைதாகிறவர் அதைச் செய்தவராக இருக்க வேண்டுமென்பதில்லை. நீ எழுதினால் உன் சினேகிதன் சிறை போவான். தன்னுயிரைக் கொடுக்கத் துணிந்தவனும் அடுத்தவன் பிள்ளைகளின் சோற்றைக் கொடுக்கத் துணிவானா? 1972 ஒக்டோபரில் 27ஆம் இதழோடு குறிப்பேடு நின்றது. ஒன்றரை வருஷம் மௌனம். அந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

1974 மே மாதத்தில் தத்யானா வெலிகானவா, செர்கேய் கவல்யோவ், தத்யானா ஹதரோவிச் என்ற மூவர் வெளிநாட்டு நிருபர்களைக் கூப்பிட்டு, நின்றுபோன காலத்துக்கான இதழ்களைக் கையளித்தார்கள். குறிப்பேட்டைப் பரப்பும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம் என்று தங்கள் பெயரைப் போட்டு ஒப்பமிட்டார்கள். அப்பாவியைப் பிடிப்போம் என்ற மிரட்டலுக்கு அவர்கள் கண்ட பதில் அதுதான். பிடிக்க வேண்டுமா, விலாசம் இதோ. மறைந்திருந்த பத்திரிகை தன்னைக் காப்பாற்ற வெளிச்சத்துக்கு வந்தது. அந்த மாதத்தில் வந்த 31ஆம் இதழ் மே 17 திகதியைத் தாங்கியிருந்தது. அடுத்த நாள் வெளியேற்றத்தின் முப்பதாம் வருஷ நிறைவு. இதழ் முழுவதும் கிரிமியத் தாத்தார்களைப் பற்றியது. வழக்குகள், மனுக்கள், கிரிமியாவுக்குத் திரும்பி வீடு வாங்கியும் வதிவுப் பதிவு மறுக்கப்பட்டு மீண்டும் துரத்தப்பட்ட குடும்பங்கள் என்று ஒரு சமூகத்தின் முப்பது வருஷம். அரசின் 1967ஆம் ஆண்டுக் கட்டளை அவர்கள் மீதிருந்த துரோகப் பழியை நீக்கிய அதே கையால், ‘கிரிமியாவில் முன்பு வசித்த தாத்தார் இனப் பிரஜைகள்’ என்று பெயரைச் சிதைத்து, உஸ்பெகிஸ்தானில் வேரூன்றிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தது. ‘கிரிமியத் தாத்தார்’ என்ற அவர்களுடைய பெயரோ புகை படிந்த ஐந்தாம் பிரதியில்தான் முழுதாக இருந்தது.

விலை கொடுத்தார்கள். கவல்யோவ் அந்த ஆண்டு டிசெம்பரிலேயே கைதாகி, 1975 டிசெம்பரில் வில்னியஸ் நகரில் ஏழு வருஷ முகாமும் மூன்று வருஷ நாடுகடத்தலும் பெற்றார். குறிப்பேட்டுச் செய்திகளைப் பொய்யென்று நிரூபிக்க அரசதரப்பு பெரும்பாடு பட்ட வழக்கு அது. அதே கிழமையில் ஒஸ்லோவில் நோபல் சமாதானப் பரிசு வழங்கினார்கள். பரிசு பெற வேண்டிய சகாரவ் வில்னியஸ் நீதிமன்ற வாசலில் நின்றார், மனைவிதான் பரிசை வாங்கினார். வெலிகானவா 1979இல் கைதானார். ஜெமிலெவ் சிறைக்குள் 303 நாட்கள் உண்ணாவிரதம் இருந்து, பலவந்தமாகக் குழாய் மூலம் ஊட்டப்பட்டு உயிர் தப்பினார்.

சிலநூறு பிரதி வந்த தாளுக்கு அரசு ஏன் இவ்வளவு பயந்தது? காரணம் வானொலி. ஒரு பிரதி எப்படியோ மேற்கு நாடொன்றுக்குப் போகும். நியூயோர்க்கில் அச்சாகும், லண்டனில் சர்வதேச மன்னிப்புச் சபை ஆங்கிலத்தில் வெளியிடும். பிறகு பீ.பீ.ஸீ.யும் லிபர்டி வானொலியும் அதை ரஷ்ய மொழியில் வாசிக்கும். தாளாகப் போனது குரலாகத் திரும்பி வரும். அலைகுழப்பும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு ஊடாக உஸ்பெக் கிராமத்தில் ஒருவர் தன் ஒழுங்கைக்காரனின் பெயரைக் கேட்பார். சண்டைக் காலத்தில் வீட்டுக்கதவைச் சாத்திவிட்டுத் தமிழோசை கேட்ட தலைமுறைக்கு அந்த உணர்வு தெரியும்.

காபனில் வந்ததெல்லாம் உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. ஜாதகம், வதந்தி, இன வெறுப்பு, மட்டமான கவிதை எல்லாமே அதே தாளில் அதே மாதிரி கைமாறின. இன்று எங்கட வட்ஸ்அப் குழுக்களில் வருவதைப் போலத்தான். தடைசெய்யப்பட்டது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. குறிப்பேட்டைப் பிற தாள்களிலிருந்து பிரித்தது அந்தத் திருத்தங்கள் பகுதிதான் என்பது என் எண்ணம்.

குறிப்பேடு 1983 வரை, அறுபதுக்கும் மேற்பட்ட இதழ்கள் வந்தது. 1987 ஜூலையில் தாத்தார்கள் செஞ்சதுக்கத்தில் திரளாகக் கூடினார்கள். 1989 நவம்பரில் வெளியேற்றம் சட்டவிரோதமானது என்று சோவியத் உயர் சபை பிரகடனம் செய்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஆண்டுகளில் ஊர் திரும்பினார்கள். பழைய வீடுகளில் வேறு ஆட்கள் இருந்தார்கள். வெட்டவெளியில் கல்லால் குடில் கட்டிக்கொண்டு தொடங்கினார்கள். 2014இல் ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றியது. அடுத்த வருஷம் ஏ.டி.ஆர். என்ற தாத்தார் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது. 2016இல் அவர்களுடைய மஜ்லிஸ் தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டிலிருந்தே ‘கிரிமிய ஒருமைப்பாடு’ என்ற அமைப்பின் சாதாரண ஆட்கள், வீட்டுச் சோதனைகளையும் நீதிமன்ற வாசல்களையும் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வெளியிட்டு வருகிறார்கள். அவர்களில் பலர் நீண்ட சிறைத் தண்டனை பெற்றிருக்கிறார்கள்.

போன நோன்புக்கு முந்தி, வாப்பாவின் கொப்பியை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதத் தொடங்கினேன். எனக்கு நினைவிருந்தது எங்கட ஒழுங்கையும் பக்கத்து இரண்டு ஒழுங்கைகளும்தான். தட்டச்சு செய்து ஐந்து பிரதி எடுத்தேன். ஒன்று புத்தளத்தில், ஒன்று நீர்கொழும்பில், ஒன்று திரும்பிப்போய் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மச்சானிடம், ஒன்று லண்டனில் இருக்கும் மகளிடம், ஒன்று என்னிடம். பிழை இருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று அடியில் போட்டிருந்தேன். இதுவரை பதினேழு திருத்தம் வந்திருக்கிறது. கிணற்றடி வீட்டில் ஆறு பிள்ளைகள் என்று எழுதியிருந்தேன். ஏழு என்று மச்சான் சொல்கிறார். ஏழாவது, முகாமில் காய்ச்சல் வந்து மௌத்தான கடைசிப் பெண்பிள்ளை. அதன் பெயரைச் சொல்ல ஆள் கிடைத்ததும் இரண்டாம் பதிப்பு அடிக்க வேண்டும்.